ரத்தப்போக்கு வந்தால் மாத்திரை வேலை செய்யவில்லையா?

கேள்வி: மூன்று மாதமாகக் கருத்தடை மாத்திரை சாப்பிடுகிறேன். 21 மாத்திரை முடிந்து, கடைசி வரிசையில் நிறம் வேறாக இருக்கும் 7 மாத்திரைக்கு வரும்போது பீரியட்ஸ் ஆகிறது. அப்படியென்றால் கருமுட்டையும் உருவாகிறதா? போன மாதம் புது அட்டையை வேறு இரண்டு நாள் தாமதமாகத் தொடங்கினேன். பயமாக இருக்கிறது.

பதில்: தோழி, நீங்கள் பார்ப்பது வழக்கமான மாதவிலக்கே அல்ல. மாத்திரையிலுள்ள ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்டின் என்ற ஹார்மோன்கள் தினமும் உடலில் சேர்வதால், மூளையின் அடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பி சினைப்பையைத் தூண்டுவதைக் குறைத்துக்கொள்கிறது. பிட்யூட்டரி சுரக்கும், முட்டையை வளர்க்கும் ஹார்மோனான எஃப்.எஸ்.எச். குறைவதால் கருமுட்டை முதிர்வதில்லை. முட்டையை வெளியேற்றும் ஹார்மோனான எல்.எச். உச்சத்துக்கு ஏறாததால் முட்டை வெளியேறுவதும் இல்லை. இதைத் தாண்டியும் ஒரு காவல் உண்டு: கருப்பை வாயில் சுரக்கும் திரவத்தை புரோஜெஸ்டின் கெட்டியாக்கி, விந்தணுவை உள்ளே விடாது. கருப்பையின் உட்சவ்வும் மெலிதாகவே இருக்கும். நிறம் மாறிய மாத்திரைகளில் பொதுவாக ஹார்மோன் கிடையாது. ஹார்மோன் நின்றதும் அந்த மெல்லிய சவ்வு உதிர்கிறது, அவ்வளவுதான்.

எனக்குக் கவலை தருவது அந்த இரண்டு நாள் தாமதம்தான். ஹார்மோன் இல்லாத நாட்களில் சினைப்பை மெல்ல மறுபடி வேலையைத் தொடங்கும். 7 நாள் வரை பாதகமில்லை. அதுவே 9 நாளானால் முட்டை வெளியேற வாய்ப்பு வந்துவிடும். அட்டையின் நடுவில் ஒரு மாத்திரையை மறந்தால் பதறுகிறவர்கள்கூட, புது அட்டையைத் தாமதமாகத் தொடங்குவதைப் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. உண்மையில் அதுதான் அதிக ஆபத்து. இனி அப்படி ஆனால் நினைவு வந்த உடனே மாத்திரையைத் தொடங்கி, அடுத்த 7 நாள் ஆணுறையும் பயன்படுத்துங்கள். அந்த இடைவெளியில் உறவு நடந்திருந்தால், 5 நாளுக்குள் மருத்துவரிடம் அவசரக் கருத்தடை பற்றிக் கேளுங்கள்.

உங்களுக்கு அந்தக் கெடு தாண்டிவிட்டது. உறவு நடந்து 3 வாரம் ஆகியிருந்தால் இப்போதே சிறுநீர்ப் பரிசோதனை செய்து பாருங்கள். ரத்தப்போக்கு வந்ததை வைத்துக் கர்ப்பம் இல்லை என்று முடிவு செய்யாதீர்கள். பரிசோதனை முடிவு தெரியும்வரை மாத்திரையை நிறுத்தவும் வேண்டாம்.

மாத்திரை தொடங்கும்முன் யாராவது உங்கள் ரத்த அழுத்தம் பார்த்தார்களா? நீங்கள் அதை எழுதவில்லை. உயர் ரத்த அழுத்தம், ரத்தக்கட்டி வந்த அனுபவம், கண்ணில் மின்னல் கோடுகள் தெரிந்து வரும் ஒற்றைத் தலைவலி, 35 வயதுக்கு மேல் புகைப்பழக்கம், இவற்றில் ஒன்று இருந்தாலும் ஈஸ்ட்ரோஜன் கலந்த மாத்திரை உங்களுக்கு ஏற்றதல்ல. வேறு முறையை மருத்துவரிடம் கேளுங்கள். ஒரு காலில் மட்டும் வீக்கமும் வலியும், அல்லது திடீர் மூச்சுத்திணறல் வந்தால், ஒரு மணி நேரம்கூடத் தள்ளிப்போடாமல் மருத்துவமனைக்குப் போங்கள்.