மறு: 2009-இல் கூகுள் கோடில் வைத்த எழுத்துரு மாற்றி இனி கிடைக்குமா?

தம்பி, உங்கள் அண்ணன் 2009-இல் கூகுள் கோடில் ஏற்றிய தமிழ் எழுத்துரு மாற்றியின் பக்கம் திறக்கவில்லை, அதன் கோடு (நிரல்) அழிந்துவிட்டதா என்று திருமங்கலத்திலிருந்து கேட்டிருக்கிறீர்கள். பெரும்பாலும் அழிந்திருக்காது, கவலைப்படாதீர்கள்.

நிரல்களை இணையத்தில் வைத்துப் பகிரும் தளமான கூகுள் கோடு 2006-இல் தொடங்கியது. அதற்கு முன் சோர்ஸ்ஃபோர்ஜ்தான் பெரிய இடம், 1999-இல் வந்தது. கூகுள் கோடு, சொந்த சர்வர் வைக்க வழியில்லாதவர்களுக்கும் கோடு வைக்க, பிழைகளைக் குறிக்க, கோப்புகளைப் பகிர இலவசமாக இடம் கொடுத்தது. மதுரை பிரௌசிங் சென்டரில் மணிக்குக் காசு கொடுத்து உட்கார்ந்த எங்களுக்கு அது எவ்வளவு பெரிய உதவி! 2008-இல் கிட்ஹப் என்ற இதேபோன்ற தளம் வந்ததும் கூட்டம் மெல்ல அங்கே நகர்ந்தது. கூகுளே தன் திட்டங்களில் ஏறக்குறைய ஆயிரத்தை அங்கே மாற்றிவிட்டு, 2015 மார்ச்சில் கூகுள் கோடை மூடப்போவதாக அறிவித்தது. 2016 ஜனவரியில் மூடியது.

ஆனால் இருந்ததைக் காப்பகமாக வைத்திருக்கிறார்கள். ‘கூகுள் கோடு ஆர்க்கைவ்’ என்று தேடி, பழைய முகவரியில் உள்ள திட்டப்பெயரை எழுத்து மாறாமல் போடுங்கள். கோடு, விக்கி (விளக்கப் பக்கங்கள்), பிழைப்பட்டியல் எல்லாம் பார்க்கலாம். இல்லையென்றால் கிட்ஹப்பில் அதே பெயரைத் தேடுங்கள். மூடும் முன் அங்கே மாற்றிக்கொள்ள ஒரு பொத்தான் கொடுத்திருந்தார்கள், அண்ணனே அழுத்தியிருக்கலாம். அப்புறம், பிரான்சின் இன்ரியா ஆய்வு நிறுவனம் தொடங்கிய, நிரல்களைச் சேமித்து வைக்கும் சாஃப்ட்வேர் ஹெரிடேஜ் காப்பகம். அதையும் பார்த்துவிடுங்கள்.

கிடைத்ததும் இரண்டு இடத்தில் பிரதி வையுங்கள். என் முதல் நிரல் ஒரே ஒரு சிடியில் இருந்து கீறிப்போனது, இன்றைக்கும் மனசு ஆறவில்லை. திட்டப்பெயரை இங்கே போட்டால் நானும் சேர்ந்து தேடுகிறேன்.