அண்ணாச்சி மாற்றிச் சொல்லவில்லை

அன்புள்ள ஐயா,

பாளையங்கோட்டையில் தங்கி இன்ஜினியரிங் கடைசி வருடம் படிக்கிறேன். நாங்கள் ஐந்து பேர் சேர்ந்து, பாவூர்சத்திரம் சந்தையில் காய்கறி கமிஷன் கடை வைத்திருக்கும் ஓர் அண்ணாச்சிக்குக் கணக்கு மென்பொருள் செய்கிறோம். முதல் நாள் எல்லாவற்றுக்கும் சரி சரி என்றார். செய்துகொண்டு போய்க் காட்டினால் ‘இது இல்லம்மா’ என்கிறார். மூன்று தடவை மாற்றியாயிற்று. விலை போடும் இடத்தில் எல்லாச் சரக்குக்கும் ஒரு ரூபாய் என்று அடித்து வைத்திருக்கிறார், கேட்டால் சிரிக்கிறார். எங்களில் இரண்டு பேர்தான் வேலை செய்கிறோம். நேரம் போதவில்லை என்றதற்கு, இன்னும் இரண்டு பேரைச் சேர்த்துக்கொள்ளச் சொல்கிறார் எங்கள் சார். பேசாமல் ப்ராஜெக்ட் சென்டரில் பணம் கட்டி வாங்கிவிடலாம் என்பது மற்ற மூவரின் யோசனை. என்ன செய்யலாம்?

(பெயர் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்.)

அன்புள்ள தங்கைக்கு,

வாங்க வேண்டாம். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வைவாவில் எப்படியோ தப்பிக்கலாம், ஆனால் உங்களை நம்பிக் கடைக்குள் விட்ட மனுஷருக்கு என்ன பதில் சொல்வீர்கள்?

உங்கள் கடிதம் முழுவதிலும் முக்கியமான விஷயம் அந்த ஒரு ரூபாய்தான். விலையை நிரப்பாமல் சேமிக்க முடியாதபடி வைத்திருக்கிறீர்கள், இல்லையா? சரக்கு இறங்குகிற நேரத்தில் விலை ஏது? இருட்டோடு லோடு ஆட்டோவில் கத்தரிக்காய் வந்து இறங்குகிறது, எடை போட்டு, ஆள் பெயரையும் சாக்கு எண்ணிக்கையையும் சிட்டையில் குறித்துக்கொள்கிறார்கள், கேரளத்துக்கு ஏற்றுகிற வியாபாரிகளும் உள்ளூர்க்காரர்களும் வந்து ஏலம் கேட்ட பிறகுதான் விலை என்ற ஒன்றே உண்டாகிறது. அண்ணாச்சிக்கு இது மூச்சு விடுவது மாதிரி. அதனால் உங்களிடம் சொல்ல வேண்டும் என்றுகூட அவருக்குத் தோன்றியிருக்காது. உங்கள் கட்டம் விடமாட்டேன் என்றதும் ஒன்று என்று அடித்துவிட்டு வேலையைப் பார்த்திருக்கிறார். அவர் எதையும் மாற்றிச் சொல்லவில்லை அம்மா, நீங்கள் இன்னும் அந்தக் கடையைப் பார்க்கவில்லை.

‘உங்களுக்கு என்னென்ன வேண்டும்’ என்று மத்தியானம் கடை ஓய்ந்த நேரத்தில் போய்க் கேட்டால் யாருமே சரி என்றுதான் சொல்வார்கள். ஒரு ராத்திரி அங்கே போய் உட்காருங்கள். லேப்டாப் வேண்டாம், ஒரு நாற்பது பக்க நோட்டு போதும். சிட்டையில் ஆள் பெயரை எப்படி எழுதுகிறார்கள் என்று பாருங்கள், ஊர்ப் பெயரும் பட்டப்பெயரும்தான் இருக்கும். நீங்கள் போன் நம்பரை வைத்து ஆளை அடையாளம் பிடித்திருந்தால், அப்பாவும் இரண்டு மகன்களும் ஒரே நம்பரைச் சொல்லி மூன்று பேர் கணக்கும் ஒன்றாகிவிடும். கமிஷன் எல்லாருக்கும் ஒன்றா, முன்பணம் வாங்கியவருக்கு எப்படிக் கழிக்கிறார், இறக்குகூலி யார் தலையில் விழுகிறது, இதையெல்லாம் அவர் கை எழுதும்போது பார்த்தால்தான் தெரியும்.

இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். தாமிரபரணிக் கரையில் ஓர் அரிசி ஆலைக்கு, வருடம் எத்தனையோ ஆயிற்று, நானும் ஒரு நண்பரும் கணக்கு எழுதும் மென்பொருள் செய்து கொடுத்தோம். ஆறு மாதம் கழித்துப் போனால் கம்ப்யூட்டர் மேல் துண்டு போட்டு மூடியிருந்தது. கணக்குப்பிள்ளை பகல் முழுக்கப் பேரேட்டில் எழுதிவிட்டு, ராத்திரி எங்களுக்காகவே இன்னொரு தடவை அத்தனையையும் அடித்துக்கொண்டிருந்திருக்கிறார், முடியாமல் போனதும் விட்டுவிட்டார். வயதான மனுஷர். அவருக்கு வேலையைக் குறைக்கப் போய் இரட்டிப்பாக்கிவிட்டோமே என்பது இன்றைக்கும் உறுத்துகிறது.

சரி, ஆள் சேர்ப்பது. ஐபிஎம்மில் ஓஎஸ்/360 என்ற கம்ப்யூட்டர் இயங்குதளத்தை உருவாக்கும் வேலையை நடத்திய ஃபிரெட் புரூக்ஸ் 1975லேயே எழுதிவிட்டார், தாமதமான மென்பொருள் வேலையில் ஆளைச் சேர்த்தால் இன்னும் தாமதமாகும் என்று. ஐந்து பேர் என்றால் ஒருவருக்கொருவர் பேசிக்கொள்ள 10 ஜோடி, ஏழு பேர் என்றால் 21. புதிதாக வருகிற இருவருக்கு விளக்குவது யார்? வேலை செய்கிற நீங்கள் இருவர்தான். சாரிடம் இந்தக் கணக்கைப் பணிவாகச் சொல்லிப் பாருங்கள்.

மற்ற மூவரைப் பற்றி அவசரப்பட்டு முடிவு கட்ட வேண்டாம். ஒருத்தருக்குத் திரை, ஒருத்தருக்கு டேட்டாபேஸ், ஒருத்தருக்கு ரிப்போர்ட் என்று பிரித்திருப்பீர்கள், எல்லாரும் அப்படித்தான் செய்கிறார்கள். டேட்டாபேஸ் முடியாமல் ரிப்போர்ட்காரர் என்ன செய்வார், சும்மாதான் இருப்பார். அதற்குப் பதிலாக, சரக்கு வரவை மேலிருந்து கீழ்வரை ஒருவர், விவசாயிக்குப் பட்டுவாடாவை முழுசாக இன்னொருவர் என்று கொடுத்துப் பாருங்கள். கிட் (Git) என்று, எல்லார் எழுதும் நிரலையும் ஒன்றுசேர்த்து யார் எதை மாற்றினார்கள் என்று பதிந்து வைக்கும் கருவி இருக்கிறதே, அதில் அன்றன்றைக்கு எழுதியதை அன்றன்றைக்குச் சேர்த்துவிடுங்கள். கடைசி வாரம் மொத்தமாக ஒட்டலாம் என்று வைத்தால் அந்த வாரம் அழுகைதான். அப்புறமும் ஒருவர் கை வைக்கவில்லை என்றால் அந்தக் கிட் கருவியே யார் எதை எழுதினார்கள் என்று காட்டும், அதை சாரிடம் காட்டுவதில் தப்பில்லை.

இப்போது கையில் இருக்கிற நாட்களுக்கு ஒன்றே ஒன்றை முடியுங்கள்: விலை இல்லாமல் சரக்கைப் பதிந்து, ஏலம் முடிந்ததும் விலையைப் போட்டு, விவசாயி கையில் தமிழில் அச்சடித்த சிட்டை. கிராஃப், டாஷ்போர்டு எல்லாம் கிடக்கட்டும். பேரேட்டை நிறுத்தச் சொல்லாதீர்கள், ஒரு மாதம் இரண்டும் ஓடட்டும். அந்த மாதம் மட்டும் கம்ப்யூட்டரில் அடிக்கிற வேலை உங்கள் ஐந்து பேருடையது, முறை வைத்துப் போய் வாருங்கள், கணக்கு முடிக்கும்போது இரண்டு மொத்தமும் ஒத்துப்போகிறதா என்று அண்ணாச்சியே பார்க்கட்டும். ஜூனில் நீங்கள் சென்னைக்கோ பெங்களூருக்கோ போய்விடுவீர்கள். அதற்குப் பிறகு இது நின்றுபோனால் யாரைக் கூப்பிடுவது என்பதை இப்போதே அவரிடம் உட்கார்ந்து பேசுங்கள், கடையில் சிட்டை எழுதுகிறவரையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு.

சந்தைக்குப் போய்விட்டு வந்ததும் அந்த நோட்டைப் படம் எடுத்து அனுப்புங்கள், ஆட்களின் பெயரை மட்டும் மறைத்துவிட்டு. அதைப் பார்த்து மீதியைப் பேசலாம்.