காசு வாங்குன பிட்சர் அடியும் வாங்குறாரே! – பேஸ்பால் கேள்வி பதில்

கேள்வி: சீசன் ஆரம்பிக்க கொஞ்ச நாள் முன்னாடிதான் எங்க டீம் கோடிக்கணக்குல கொட்டி ஒரு பிட்சரை (பந்து வீசுறவர்) எடுத்தாங்க. ஏப்ரல் பூரா போறவன் வர்றவன் எல்லாம் அவரை வெளுக்கிறான். ஆபீஸ்ல கூட மேட்ச் பாக்குறவங்க "பணம் அவ்ளோதான்"ங்கிறாங்க. நிஜமாவே அவ்ளோதானா? – ஒரு வாசகர், ஃப்ரீமாண்ட், கலிஃபோர்னியா

பதில்: உங்க ஊர்ப் பக்கமே நடந்த கதை ஒண்ணு இருக்கு. 2024 ஏப்ரல் 19, சான் ஃபிரான்சிஸ்கோ. ஜயன்ட்ஸுக்கு பிளேக் ஸ்னெல், எதிர்ல அரிசோனா டைமண்ட்பேக்ஸுக்கு ஜோர்டன் மாண்ட்கோமெரி. ஸ்னெல் முந்தின வருஷம் நேஷனல் லீக்ல சிறந்த பிட்சருக்கான சை யங் விருது வாங்குனவர், மாண்ட்கோமெரி முந்தின வருஷம் வேர்ல்டு சீரிஸ் (சீசனோட ஃபைனல்) ஜெயிச்ச டெக்ஸஸ் ரேஞ்சர்ஸ் டீம்ல முக்கியமான ஆளு. ரெண்டு பேருமே ஃப்ரீ ஏஜென்ட், அதாவது ஒப்பந்தம் முடிஞ்சு எந்த டீமுக்கு வேணா போகலாம், ரெண்டு பேருக்கும் குளிர்காலம் முழுக்க பேரம் பேசினது ஸ்காட் போராஸ்ங்கிற ஏஜென்ட், பெரிய ரேட்டு வரும் வரும்னு காத்திருந்து மார்ச் பாதி தாண்டின பிறகுதான் ரெண்டு பேரும் கையெழுத்தே போட்டாங்க. ஸ்னெல்லுக்கு 2 வருஷத்துக்கு 6.2 கோடி டாலர், மாண்ட்கோமெரிக்கு ஒரு வருஷத்துக்கு 2.5 கோடி டாலர்.

அன்னைக்கு மாண்ட்கோமெரிக்கு அதுதான் சீசனோட முதல் மேட்ச், மேட்சுக்கு இருக்குற 9 இன்னிங்ஸ்ல 6 இன்னிங்ஸ் போட்டு ஒரே ஒரு ரன் குடுத்தார். ஸ்னெல் அஞ்சாவது இன்னிங்ஸைக்கூட முடிக்காம 5 ரன் குடுத்துட்டு தலையைத் தொங்கப் போட்டுட்டு போனார். அரிசோனா 17-1-னு ஜெயிச்சாங்க. அன்னைக்கு ராத்திரி யாரைக் கேட்டாலும் அரிசோனா கெட்டிக்காரங்க, ஜயன்ட்ஸ் ஏமாந்துட்டாங்கன்னுதான் சொல்லியிருப்பாங்க.

அப்புறம் கதை அப்படியே தலைகீழ். ஸ்னெல்லுக்கு தொடைப் பக்கம் தசைப்பிடிப்பு, போனார், வந்தார், மறுபடி போனார், முதல் ஆறு மேட்ச்ல ஒரு வெற்றிகூட இல்ல, இ.ஆர்.ஏ. (9 இன்னிங்ஸுக்கு சராசரியா குடுக்குற ரன், கம்மியா இருந்தா நல்லது) 9.51. ஜூலைல திரும்பி வந்தவர் வேற ஆளா வந்தார். ஆகஸ்ட் 2-ந் தேதி சின்சினாட்டில ரெட்ஸுக்கு எதிரா நோ ஹிட்டர், அதாவது 9 இன்னிங்ஸ்ல எதிர் டீமுக்கு ஒரு ஹிட்டுகூட கிடையாது, 11 ஸ்ட்ரைக் அவுட் (மூணு ஸ்ட்ரைக்ல பேட்டரை அவுட் பண்றது). இதுல வேடிக்கை என்னன்னா அதுக்கு முன்னாடி அந்த மனுஷன் வாழ்க்கைல ஒரு மேட்ச்கூட 9 இன்னிங்ஸ் முழுசா போட்டது இல்ல. சீசன் முடிவுல இ.ஆர்.ஏ. 3.12, அந்தக் குளிர்காலமே டாட்ஜர்ஸ் 5 வருஷத்துக்கு 18.2 கோடி டாலர் குடுத்து கூட்டிட்டு போயிட்டாங்க. மாண்ட்கோமெரி? 6.23-ல முடிச்சார், நடுவுல ரொட்டேஷன்ல இருந்தே, அதாவது முறை வச்சு மேட்சை ஆரம்பிக்கிற பிட்சர் வரிசைல இருந்தே தூக்கிட்டாங்க. அவரை எடுத்தது படுமோசமான முடிவு, அதுக்கு நான்தான் காரணம்னு டீம் ஓனர் கென் கெண்ட்ரிக்கே ரேடியோல சொன்னார். ஆனா கான்ட்ராக்ட்ல அடுத்த வருஷமும் இருக்கலாம்னு ஒரு ஷரத்து இருந்துச்சு, மாண்ட்கோமெரி ஜம்முனு இருந்துக்கிட்டார், 2.25 கோடி டாலர், 2025-ல முழங்கை ஆபரேஷன் ஆகி அரிசோனாவுக்கு ஒரு பந்துகூட போடல!

லேட்டா சேர்றவங்க தடுமாறுறதுக்கு ஒரு காரணம் இருக்கு. பிப்ரவரி பாதில அரிசோனாவுலயும் ஃப்ளோரிடாவுலயும் ஸ்பிரிங் டிரெய்னிங் ஆரம்பிக்கும், பிட்சர் முதல்ல ஒரு இன்னிங்ஸ், அடுத்து ரெண்டு, மூணுன்னு கையைப் பழக்கி 90 பந்து வரைக்கும் ஏத்துவார். மார்ச் கடைசில வந்தவருக்கு அது கிடையாது, வேகாத சோத்தை இலைல போட்ட மாதிரிதான். உங்க ஆளோட இ.ஆர்.ஏ.வை இப்போதைக்கு விடுங்க, பந்தோட வேகம் போன வருஷ அளவுக்கு இருக்கான்னு பாருங்க. வேகம் இருந்தா நான் பொறுத்திருப்பேன். வேகமே குறைஞ்சிருந்தா உங்க ஆபீஸ்காரங்க சொல்றதுல விஷயம் இருக்கு.

கேள்வி: இ.ஆர்.ஏ. இ.ஆர்.ஏ.ன்னு எழுதுறீங்களே, கிரிக்கெட் எகானமி மாதிரியா? – வாசகர், திண்டுக்கல்

பதில்: கிட்டத்தட்ட. ஓவருக்குப் பதிலா 9 இன்னிங்ஸுக்கு எத்தனை ரன் குடுத்தார்னு கணக்கு, ஃபீல்டர் சொதப்பினதால வந்த ரன் இதுல சேராது. மேல சொன்ன ஸ்னெல் முதல் மூணு மேட்ச்ல பதினொண்ணே முக்கால் இன்னிங்ஸுக்கு கொஞ்சம் கம்மியா போட்டு 15 ரன் குடுத்தார், கணக்கு போட்டா 11.57 வரும். 3-க்கு கீழ இருந்தா அருமை, 4 பரவால்ல, 5-ஐத் தாண்டினா வேலைக்கு ஆபத்து. ஆனா சீசன் ஆரம்பத்துல இந்த நம்பர் கன்னாபின்னான்னு ஆடும். யோஷினோபு யமமோட்டோவை டாட்ஜர்ஸ் 12 வருஷத்துக்கு 32.5 கோடி டாலர் குடுத்து ஜப்பான்ல இருந்து எடுத்தாங்க, 2024 மார்ச்ல சியோல்ல அவரோட முதல் மேட்ச், ஒரே இன்னிங்ஸ், 43 பந்து, 5 ரன், இ.ஆர்.ஏ. 45.00! அந்த சீசனையே 3.00-ல முடிச்சார், 2025 வேர்ல்டு சீரிஸ்ல சிறந்த ஆட்டக்காரர் விருதும் அவருக்குத்தான்.

கேள்வி: ஐபிஎல் ஏலத்துக்கும் இந்த ஃப்ரீ ஏஜென்டுக்கும் என்ன வித்தியாசம்? – வாசகி, கோயம்புத்தூர்

பதில்: ஏலத்துல யார் அதிகமா கேக்குறாங்களோ அங்கதான் போகணும், பிளேயர் இஷ்டம் எதுவும் செல்லாது. ஃப்ரீ ஏஜென்ட் அப்படி இல்ல, ஊரு, பள்ளிக்கூடம், சம்சாரத்தோட விருப்பம் எல்லாம் பார்த்து அவரே முடிவு பண்ணலாம், ஆனா மேஜர் லீக்ல 6 வருஷம் சர்வீஸ் முடிச்சிருக்கணும். இதுவும் சும்மா கிடைக்கல. 1969-ல கர்ட் ஃப்ளட்ங்கிற பிளேயரை கேட்காமலே செயின்ட் லூயிஸ்ல இருந்து ஃபிலடெல்ஃபியாவுக்கு மாத்தினப்போ அவர் போக மாட்டேன்னுட்டார், சுப்ரீம் கோர்ட் வரைக்கும் போய் 1972-ல தோத்துட்டார், அவர் கேரியரும் அதோட போச்சு. அப்புறம் 1975-ல மெசர்ஸ்மித், மெக்னாலின்னு ரெண்டு பிட்சர்களுக்கு சாதகமா, சம்பளத் தகராறை விசாரிச்ச சமரச நடுவரோட தீர்ப்பு வந்துதான் கதவு திறந்துச்சு. இன்னைக்கு கோடி கோடியா வாங்குறவங்கள்ல எத்தனை பேருக்கு ஃப்ளட் பேரு தெரியுமோ!

அடி வாங்குறதுல மட்டும் வித்தியாசம் இல்லைங்க. 24.75 கோடி ரூபாய்க்கு போன மிட்செல் ஸ்டார்க் 2024 ஐபிஎல்ல முதல் ரெண்டு மேட்ச்ல 100 ரன் குடுத்து விக்கெட்டே எடுக்கல, கடைசில சேப்பாக்கம் ஃபைனல்ல ஆட்ட நாயகன்.

கேள்வி: ஆரம்பத்துலயே வரிசையா தோக்குற டீம் மேல வர முடியுமா? – வாசகர், சிங்கப்பூர்

பதில்: 162 மேட்ச் சார், முடியும். 2019-ல வாஷிங்டன் நேஷனல்ஸ் முதல் 50 மேட்ச்ல 31 தோத்துட்டு அதே வருஷம் வேர்ல்டு சீரிஸ் ஜெயிச்சாங்க. 2023-ல டாம்பா பே ரேஸ் முதல் 13 மேட்சும் ஜெயிச்சுட்டு பிளே ஆஃப்ல முதல் ரவுண்டுலயே மூட்டை கட்டினாங்க. ஆனா 2024 சிகாகோ ஒயிட் சாக்ஸ் 3 ஜெயிச்சு 22 தோத்து ஆரம்பிச்சப்போ யாருக்கும் ஆச்சரியம் இல்ல, மொத்தமா 121 தோல்வி. டீம்ல சரக்கு இருக்கா இல்லையான்னு மார்ச்லயே தெரிஞ்சுடும்.

கேள்வி: பிட்சருக்கு ஒரு மேட்ச் போட்டுட்டு நாலு நாள் ரெஸ்டா? சொகுசுதான்! – வாசகர், சேலம்

பதில்: அவங்க முழங்கையைப் பார்த்துட்டு சொல்லுங்க. கிளீவ்லாண்டோட ஷேன் பீபர் 2024-ல முதல் ரெண்டு மேட்ச்ல 12 இன்னிங்ஸ், ரன்னே குடுக்கல, 20 ஸ்ட்ரைக் அவுட். மூணாவது மேட்ச்சே கிடையாது, டாமி ஜான் ஆபரேஷன் (முழங்கைத் தசைநாரை மாத்துறது), சீசன் க்ளோஸ். அட்லாண்டாவோட ஸ்பென்சர் ஸ்ட்ரைடருக்கும் அதே வாரக்கடைசிலதான் முழங்கை போன செய்தி வந்துச்சு.

கேள்வி: நம்ம நாட்டுக்காரங்க யாராச்சும் போயிருக்காங்களா? – வாசகர், தூத்துக்குடி

பதில்: ரிங்கு சிங், தினேஷ் படேல். 2008-ல நடந்த ஒரு வேகப்பந்து போட்டில தேறி பிட்ஸ்பர்க் பைரேட்ஸ்ல கையெழுத்து போட்டாங்க, கீழ்மட்ட மைனர் லீக்கைத் தாண்டல. ரிங்கு அப்புறம் மல்யுத்த ரிங்குக்கே போயிட்டார். கொல்கத்தாவுக்கு சிக்ஸர் அடிக்கிற ரிங்கு வேறங்க, குழப்பிக்காதீங்க.