ஆக்லாந்தில் எரிமலை அடிவாரத்தில் குடியிருக்கலாமா?

வணக்கம் தம்பி. வேலை கிடைத்து பென்னாகரத்திலிருந்து குடும்பத்தோடு ஆக்லாந்து புறப்படப் போவதாகவும், அங்கே மவுண்ட் ஈடன் பகுதியில் பார்த்திருக்கும் வாடகை வீடு எரிமலை அடிவாரத்தில் இருப்பதை அறிந்து அம்மா பயப்படுவதாகவும், கைக்குழந்தையோடு அங்கே இருக்கலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். தாராளமாக இருக்கலாம். ஆனால் நியூசிலாந்தின் எல்லா எரிமலைகளைப் பற்றியும் இப்படிச் சொல்லிவிட முடியாது. மாங்காய்ப் பருவத்துக்குக் காவேரிப்பட்டணம் வந்திருக்கும் இந்த ஓய்வில், அதற்கான காரணத்தைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

ஆக்லாந்து நகரமே ஐம்பதுக்கும் மேற்பட்ட சிறு எரிமலைகள் பரவிக்கிடக்கும் நிலத்தின்மேல்தான் அமைந்திருக்கிறது. பூமிக்கடியில் ஏறத்தாழ 80 கிலோமீட்டருக்கும் கீழே உருகும் பாறைக்குழம்பு சிறு சிறு அளவாகப் பிரிந்து மேலேறி, ஓரிடத்தில் வெடித்து வெளியேறியதும் அந்த வழி இறுகி அடைபட்டுவிடுகிறது. அடுத்த முறை வரும் குழம்பு பெரும்பாலும் வேறொரு புதிய வழியைத்தான் தேடிக்கொள்ளும். உங்கள் வீட்டுக்குப் பின்னால் நிற்கப்போகும் மவுண்ட் ஈடன் ஏறத்தாழ 28,000 ஆண்டுகளுக்கு முன் வெடித்து ஓய்ந்தது. அதன் உச்சியில் நின்று பார்த்தால் 50 மீட்டர் ஆழக் கிண்ணம் போன்ற எரிமலைவாய் புல் மூடிக் கிடக்கும். நியூசிலாந்தின் பூர்வகுடிகளான மாவோரி மக்களுக்கு அது புனிதமான இடம் என்பதால் உள்ளே இறங்கக் கூடாது. குழந்தை நடக்கத் தொடங்கியதும் இதைச் சொல்லிக்கொடுங்கள்.

ஒரே நகரத்திலுள்ள எரிமலைகள் வெவ்வேறு வடிவம் கொண்டதற்கு முக்கியக் காரணம் தண்ணீர். மேலேறும் குழம்பு நிலத்தடி நீரையோ கடல்நீரையோ தொட்டால், நீர் ஒரே நொடியில் ஆவியாகி நிலத்தையே பிளந்து அகன்ற பள்ளத்தை உண்டாக்கும். நகரின் வடபகுதியிலுள்ள புபுகே ஏரி அப்படிப் பிறந்ததுதான். தண்ணீர் இல்லாத இடத்தில் குழம்பு ஊற்றுப்போலப் பீறிட்டு, நுரைத்த துண்டுகள் சுற்றிலும் விழுந்து கூம்பாகக் குவியும். மவுண்ட் ஈடன் இவ்வகை. ஏறத்தாழ 600 ஆண்டுகளுக்கு முன் கடலிலிருந்து எழுந்த ரங்கிடோட்டோவில் இளகிய குழம்பு நாலாபுறமும் பரவியதால், அது கேடயத்தைக் கவிழ்த்தாற்போலத் தாழ்ந்து அகன்றிருக்கிறது.

நம் தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கத்தில் கருப்பு கிரானைட் என்று வெட்டி அனுப்பும் கல்லும் ஏறத்தாழ இதே வகைக் குழம்புதான். பாறைப் பிளவுகளுக்குள் புகுந்து, மேலே வராமல் ஆழத்திலேயே மெதுவாக ஆறியதால் அது ஓட்டையின்றிக் கெட்டியாக, கண்ணாடிபோல மெருகேறுகிறது. ஆக்லாந்தின் பழைய தெருக்களில் மதிற்சுவராக அடுக்கியிருக்கும் கருங்கல்லை அருகில் பாருங்கள். வாயு வெளியேறிய சிறு துளைகள் அதில் நிறைந்திருக்கும்.

தெற்கேயுள்ள ருவாபெஹு, நௌருஹோய், மேற்கிலுள்ள தாரானாகி ஆகியவை வேறு இனம். பசிபிக் புவித்தட்டு நியூசிலாந்துக்கு அடியில் செருகிச் செல்லும்போது அதிலிருந்து வெளியேறும் நீர், மேலேயுள்ள பாறையின் உருகுநிலையைக் குறைத்துவிடுகிறது. அங்கே உருவாகும் குழம்பு மேலேறும் வழியில் சிலிக்கா என்னும் மணற்சத்து மிகுந்து பிசுபிசுப்பாகிறது. நீர்த்த கஞ்சியில் குமிழி எளிதில் வெளியேறும். கேழ்வரகுக் களி கிண்டும்போதோ குமிழி அடைபட்டுப் பட்டென்று தெறிக்கும் அல்லவா, அந்த வேறுபாடுதான் இங்கும். சாம்பலும் குழம்பும் அடுக்கடுக்காகப் படிந்து இந்த மலைகள் உயர்கின்றன, ஒரே வழியில் மீண்டும் மீண்டும் வெடிக்கின்றன. சிலிக்கா இன்னும் கூடினால், பெருவெடிப்பில் அடியிலுள்ள குழம்பு காலியாகி, டௌபோ ஏரிப் பகுதி போல நிலமே உள்வாங்கிப் பெரும் பள்ளமாகிவிடலாம். அழகான அந்த ஏரி அத்தகைய பள்ளத்தில் நிரம்பிய நீர்தான்.

எனவே வீட்டைப் பற்றி அஞ்ச வேண்டாம், சுற்றுலாவில் கவனமாக இருங்கள் என்பேன். 1953 கிறிஸ்துமஸுக்கு முந்தைய இரவில், ருவாபெஹுவின் உச்சி ஏரி உடைத்துக்கொண்டு வந்த சேற்றுவெள்ளம் டங்கிவாய் ரயில் பாலத்தைச் சிதைத்து 151 பேர் இறந்தார்கள். அன்று எரிமலை வெடிக்கக்கூட இல்லை. 2019 டிசம்பர் 9 அன்று ஒயிட் ஐலண்ட் என்னும் எரிமலைத் தீவு வெடித்து 22 உயிர்கள் போனபோது, எச்சரிக்கை நிலை ஐந்தில் இரண்டு மட்டுமே. பனிச்சறுக்கு மலைகளில் அபாயச் சங்கு ஒலித்தால் பள்ளத்தாக்கை விட்டு மேட்டுக்கு ஏறிவிட வேண்டும்.

ஆக்லாந்தில் புதிய எரிமலை எழாது என்று யாரும் உறுதி தர முடியாது. ஆனால் குழம்பு மேலேறும்போது சிறு நிலநடுக்கங்கள் முன்னறிவிக்கும். நியூசிலாந்தின் நிலநடுக்க, எரிமலைக் கண்காணிப்பு அமைப்பான ஜியோநெட் அவற்றை இரவு பகலாகக் கண்காணிக்கிறது. மூன்று நாளுக்கான குடிநீர், குழந்தை உணவு, மருந்து, முகக்கவசம், கடவுச்சீட்டு ஆகியவற்றை ஒரே பையில் வைத்திருங்கள். வாடகை வீட்டில் உங்கள் பொருட்களுக்கான காப்பீட்டை நீங்கள்தான் எடுக்க வேண்டும். அதில் எரிமலைச் சேதமும் அடங்குமா என்று கையெழுத்திடும் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.