செயலிக்கு முன்னால் கடன் நோட்டு

வாசகர் கேள்வி – பதில்: தொழில்

கேள்வி: எங்கள் குடும்பம் முப்பது ஆண்டுகளாகத் தேங்காய் எண்ணெயில் ஏத்தங்காய் (நேந்திரங்காய்) சிப்ஸ் பொரித்துக் கடைகளுக்குக் கொடுத்துவருகிறது. பொறியியல் படித்துவிட்டு வந்திருக்கும் என் மகன், சொந்தமாக ஒரு செல்பேசிச் செயலி செய்து நேரடியாக விற்கலாம் என்கிறான். அதற்கு மூன்று லட்சம் ரூபாய் ஆகுமாம். இருக்கிற பிழைப்பும் கெட்டுவிடும் என்று என் அண்ணன் பயப்படுகிறார். யார் பேச்சைக் கேட்பது?
– ஒரு வாசகர், மார்த்தாண்டம்

பதில்: மகன் பேச்சைக் கேளுங்கள், ஆனால் செயலியை இப்போது செய்யாதீர்கள். ஆண்டுக்கு நான்கைந்து முறை சிப்ஸ் வாங்குகிறவர் அதற்கென்று ஒரு செயலியைத் தம் செல்பேசியில் வைத்திருக்க மாட்டார். வாட்ஸ்அப் எல்லாரிடமும் இருக்கிறது. 2016-இல் வந்த யுபிஐ வழியாகப் பணம் வாங்குவதற்குத் தனிச் செலவு ஏதுமில்லை. அனுப்புவதற்குக் கூரியர் இருக்கிறது. உணவுப் பாதுகாப்பு உரிமமும், பொரித்த தேதியும் எடையும் அச்சிட்ட உறையும் இருந்தால் அடுத்த வாரமே தொடங்கிவிடலாம்.

இதைவிட முக்கியமான ஒன்று உங்கள் கடிதத்தில் விடுபட்டிருக்கிறது. கடைகளிலிருந்து எவ்வளவு சரக்கு திரும்பி வருகிறது என்றும், எவ்வளவு பணம் நிலுவையில் நிற்கிறது என்றும் நீங்கள் எழுதவில்லை. குழித்துறைப் பக்கம் உங்களைப் போன்ற ஒரு தயாரிப்பாளரின் பட்டறையில் ஒரு நாள் மாலை உட்கார்ந்திருந்தேன். கடைகளுக்குச் சுற்றிவிட்டு வந்த வண்டியிலிருந்து முதலில் இறங்கியது ஒரு கோணிப்பை. அதில் நமுத்துப்போன பாக்கெட்டுகள் இருந்தன. 'கொஞ்சம்தான் திரும்பும்' என்று சற்று முன்புதான் அவர் சொல்லியிருந்தார். தரையில் கொட்டி எண்ணியபோது, கொண்டுபோன பத்தில் ஒன்றுக்கும் மேல் திரும்பியிருந்தது. பல ஆண்டுகளாக அவர் அதை எண்ணியதே இல்லை. விற்காத சரக்கைத் திருப்பிக் கொடுக்கலாம் என்பதால் கடைக்காரர் கூடுதலாக வாங்கி வைக்கிறார், மாதக் கடைசியில் கணக்கு முடிக்கலாம் என்பதால் பணத்தைத் தாமதிக்கிறார். எண்ணெய் விலை, காய் விலை, கூலி மூன்றையும் முன்கூட்டியே கொடுத்துவிட்டு, பெரிய கடைகளுக்கு வட்டியில்லாக் கடன் தருகிறவராக அவர் இருந்தார். அவருடைய தொழில் முறையின் உண்மையான வடிவம் அந்தக் கோணிப்பையிலும் கடன் நோட்டிலும்தான் தெரிந்தது.

ஆகவே உங்கள் மகனுக்கு நான் சொல்லும் முதல் வேலை இதுதான்: எந்தக் கடைக்கு, என்று, எத்தனை பாக்கெட் கொடுத்தோம், எத்தனை திரும்பின, பணம் எத்தனையாவது நாள் வந்தது என்பதைச் செல்பேசியிலேயே ஓர் அட்டவணையில் இரண்டு மாதம் குறித்துவரட்டும். எந்தக் கடைக்கு வாரம் ஒரு முறை நிறையக் கொடுப்பதைவிட இரண்டு நாளுக்கொரு முறை கொஞ்சமாகக் கொடுப்பது நல்லது என்று அந்த அட்டவணையே காட்டிவிடும். அதன்பிறகு சில கடைகளிடம், 'சரக்கைத் திருப்பி எடுக்க மாட்டோம், அதற்குப் பதிலாக விலையைக் குறைத்துத் தருகிறோம்' என்று பேச முடியும். ஒரு புதிய செயலியும் இல்லாமல் உங்கள் வணிக முறை அந்த இடத்தில் மாறிவிடுகிறது. நிலுவை வைக்கும் பெரிய கடைகளைப் பொறுத்தவரை, உத்யம் என்னும் மத்திய அரசின் சிறுதொழில் பதிவு பெற்ற குறு, சிறு உற்பத்தியாளருக்கு எழுத்து ஒப்பந்தம் இருந்தால் அதிகபட்சம் 45 நாளுக்குள்ளும், இல்லாவிட்டால் 15 நாளுக்குள்ளும் பணம் தர வேண்டும் என்று 2006-ஆம் ஆண்டுக் குறு, சிறு, நடுத்தரத் தொழில் மேம்பாட்டுச் சட்டம் சொல்வதையும் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள்.

நேரடி விற்பனையின் பெரிய நன்மை லாப விகிதம் அன்று. பணம் வரும் நேரம். சென்னையிலோ பெங்களூரிலோ இருக்கும் நம் ஊர்க்காரர் முதலில் பணம் அனுப்புகிறார், அதன்பிறகு நீங்கள் காய் வாங்கிப் பொரிக்கிறீர்கள். முப்பது ஆண்டுகளாக உங்கள் கையிலிருந்து போய்க்கொண்டிருந்த முன்பணம் இப்போது உங்கள் கைக்கு வருகிறது.

அண்ணனின் பயத்தையும் தள்ளிவிடக் கூடாது. அமெரிக்க அறிஞர் ஜேம்ஸ் மார்ச், தெரிந்ததைச் செம்மையாகச் செய்வதும் தெரியாததைத் தேடிப் பார்ப்பதும் ஒரே பணத்துக்கும் ஒரே ஆட்களுக்கும் போட்டியிடுகின்றன என்று 1991-இல் எழுதினார். பலன் உடனே தெரிவதால் பெரும்பாலும் முன்னது வென்றுவிடுகிறது. அதனால் மகனுக்கு ஒரு வாணலி, தனிக் கணக்கு நோட்டு, மூன்று லட்சத்துக்குப் பதில் முப்பதாயிரம், ஆறு மாதம் என்று பிரித்துக் கொடுங்கள். எந்த நிலைமை வந்தால் நிறுத்திவிடுவது என்பதை அண்ணன் முன்னிலையிலேயே இப்போதே எழுதிவையுங்கள். பழைய வியாபாரத்தின் லாபத்தோடு அதை முதல் மாதமே ஒப்பிடாதீர்கள்.

கேள்வி: ஒன்றரை ஏக்கரில் பிச்சியும் கேந்தியும் போட்டிருக்கிறோம். தோவாளைச் சந்தைக்குக் கொண்டுபோய் இறக்கிய பிறகுதான் அன்றைய விலை தெரிகிறது. கமிஷன் கடையை விட்டுவிட்டு இணையம் வழியாகக் கேரள வியாபாரிகளுக்கு நேராக விற்க முடியாதா?
– ஒரு வாசகி, தோவாளை

பதில்: விலை தெரியாமல் சரக்கை இறக்கும் வேதனை உங்களுடையது மட்டுமன்று, அம்மா. ராபர்ட் ஜென்சன் என்ற பொருளியலறிஞர் வட கேரளக் கடற்கரையின் மத்தி மீன் வியாபாரத்தை ஆராய்ந்து 2007-இல் வெளியிட்டார். செல்பேசி அங்கே பரவுவதற்கு முன், 1997 ஜனவரி 14 அன்று, வடகரைக் கரையில் பதினொரு மீனவர்கள் வாங்க ஆளின்றி மீனைக் கொட்டிவிட்டுப் போனார்கள். அதே காலையில் 15 கிலோமீட்டருக்குள் இருந்த பிற சந்தைகளில் 27 பேர் வாங்க மீனின்றி நின்றிருந்தார்கள். செல்பேசி வந்து, கடலிலிருந்தே கரைகளுக்குப் பேசத் தொடங்கியதும் மீன் வீணாவது ஏறக்குறைய நின்றுபோனது. மீனவர் லாபம் சராசரியாக 8 சதவீதம் கூடியது, மீன் விலையோ 4 சதவீதம் குறைந்தது. விற்பவர், வாங்குபவர் இரு சாராருக்குமே நன்மை செய்தது, விலை பற்றிய செய்தி உரிய நேரத்தில் கிடைத்ததுதான்.

ஆனால் படகை வேறு கரைக்குத் திருப்பலாம், பூவை அப்படித் திருப்ப முடியாது. விடியுமுன் மொட்டாகப் பறித்த பிச்சி மாலைக்குள் விரிந்துவிடும். மேலும், கமிஷன் கடைக்காரர் பூவை விற்றுக்கொடுப்பதோடு நிற்பதில்லை. உரத்துக்கும் மருந்துக்கும், வீட்டில் ஒரு கல்யாணம் என்றாலும் முன்பணம் கொடுப்பவர் அவராகத்தான் பெரும்பாலும் இருக்கிறார். முகூர்த்தம் இல்லாத நாளில் யாருக்கும் வேண்டாத பூவையும் எடுத்துக்கொள்கிறார், திருவனந்தபுரத்து வியாபாரி பணம் தராமல் இழுத்தடித்தால் அந்தப் பாரத்தையும் அவரே தாங்குகிறார். இடைத்தரகரை நீக்குகிறோம் என்று வரும் எந்த இணையத் திட்டமும் இந்த வேலைகளை இனி யார் செய்வார் என்று சொல்ல வேண்டும். சொல்லாத திட்டத்தில் சேர வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. விவசாயத்தில் இப்படிப்பட்ட முயற்சிகள் தோற்பதற்குத் தொழில்நுட்பத்தைவிட இந்த ஒரு கேள்வியைக் கேட்காததே காரணம் என்று நினைக்கிறேன்.

நீங்கள் செய்யக்கூடியது: அக்கம்பக்கத்தில் பூப் போடும் ஏழெட்டுப் பேர் ஒரு வாட்ஸ்அப் குழு வைத்து, அன்று எந்தக் கடையில் எந்தப் பூவுக்குக் கிலோ என்ன விலை கிடைத்தது, எவ்வளவு கமிஷன் பிடித்தார்கள் என்று சந்தையிலிருந்து திரும்பும்போதே பதிந்துவிடுங்கள். ஓர் ஓணமும் ஒரு தையும் கடந்தால் உங்களிடம் இருக்கும் கணக்கு, கடைக்காரரிடம் கண்ணைப் பார்த்துப் பேசும் தைரியத்தைத் தரும். கூடவே, வாரத்தில் இரண்டு நாள் பூவை மட்டும், கல்யாண மேடை அலங்காரம் செய்யும் ஒருவருக்கு நிலையான விலையில் தருவதாக ஒப்புக்கொள்ளுங்கள். விலை ஏறும் நாளில் அதே விலைக்குக் கொடுக்க மனம் வராது; அப்போதும் வாக்கைக் காத்தால்தான் விலை விழும் நாளில் அவர் உங்களைக் காப்பார்.

கேள்வி: டிஜிட்டல் கேமரா வரப்போவது தெரியாமல் இருந்ததால்தான் கோடாக் நிறுவனம் விழுந்தது என்று வகுப்பில் சொன்னார்கள். அது சரியா?
– வணிகவியல் மாணவர், நாகர்கோவில்

பதில்: சரியன்று. முதல் டிஜிட்டல் கேமராவை 1975-இல் செய்தவரே கோடாக்கின் பொறியாளர் ஸ்டீவன் சாசன்தான். ஒரு படத்தைக் கேசட் நாடாவில் பதிய அதற்கு 23 விநாடி பிடித்தது. கோடாக்கின் வருமானம் கேமராவைவிட, அதன் பிறகு வாழ்நாளெல்லாம் விற்கும் பிலிம், தாள், இரசாயனம் ஆகியவற்றிலிருந்து வந்ததால், பிலிமே வேண்டாத ஒரு பொருளை முழு மனத்தோடு வளர்க்க அதற்கு வழியில்லாமல் போனது. 2012 ஜனவரியில் திவால் பாதுகாப்பு கேட்டு நீதிமன்றத்துக்குப் போனது. அதே பிலிம் தொழிலிலிருந்த ஜப்பானின் ஃபியூஜிபிலிம், பிலிமில் பயன்படும் கொலாஜனைப் பற்றித் தன்னிடமிருந்த அறிவை எடுத்துக்கொண்டு 2006-இல் முகப்பூச்சுப் பொருள்களில் இறங்கியது. தேர்வில் எழுதும்போது, பொருளை நம்பி இருந்ததையும் திறமையை நம்பி நகர்ந்ததையும் ஒப்பிட்டு எழுதுங்கள்.

கேள்வி: வடசேரியில் பரதநாட்டிய நகைகள் செய்கிறோம். இணையத்தில் படம் போட்டால் நாலு நாளில் மலிவான நகல் வந்துவிடுகிறது. வேறு என்ன செய்யலாம்?
– ஒரு கைவினைஞர், வடசேரி

பதில்: நாகர்கோவில் கோயில் நகைகளுக்குப் புவிசார் குறியீடு இருக்கிறது; உங்கள் உறையிலும் இணையப் பக்கத்திலும் முறைப்படி அதைப் பயன்படுத்துங்கள். ஆனால் நகலோடு விலையில் மோதி வெல்ல முடியாது என்பதால் விற்பனைக்குப் பக்கத்தில் வாடகையையும் யோசிக்கச் சொல்வேன். அரங்கேற்றம் ஒரு பெண்ணுக்கு வாழ்நாளில் ஒரு முறை. நெற்றிச்சுட்டி, சூரியன், சந்திரன், ராக்கொடி, ஒட்டியாணம் என்று முழுத் தொகுதியை வாங்க முடியாத குடும்பங்கள் நாட்டியப் பள்ளிகளில் நிறைய உண்டு. அவர்களுக்கு மூன்று நாள் வாடகைக்கு உண்மையான வடசேரி வேலைப்பாடு கிடைத்தால், நகல் விற்பவர் அந்த இடத்துக்கு வர முடியாது. ஏனென்றால் கல் உதிர்ந்தால் பதித்துத் தரும் கை அவரிடம் இல்லை.

இதற்கு வேண்டிய டிஜிட்டல் வேலை மிகக் குறைவு. எந்தத் தொகுதி எந்தத் தேதியில் யாரிடம் இருக்கிறது என்று காட்டும் ஒரு நாள்காட்டியும், முன்வைப்புத் தொகைக்கு ஒரு யுபிஐ குறியீடும் போதும். அனுப்பும்போதும் திரும்பும்போதும் ஒவ்வொரு நகையையும் வெள்ளைத் துணியில் வைத்து முன்னும் பின்னும் படமெடுங்கள். சிவப்புக் கற்களை எண்ணி, அந்த எண்ணிக்கையை ரசீதிலேயே எழுதி, வாங்குபவர் முன்னால் ஒரு முறை வாய்விட்டு எண்ணிக் காட்டுங்கள்.