விமானப் பாதைக்குக் கீழே மனை, வீடு: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: ஓடுபாதையின் நேர்க்கோட்டில், அதன் முனையிலிருந்து ஒரு கிலோமீட்டரில் மனை பார்த்திருக்கிறோம். பக்கத்தில் ஆறு மாடிக் கட்டடம் நிற்கிறது. நாங்களும் ஆறு மாடி கட்டலாம்தானே?

பதில்: பக்கத்துக் கட்டடத்தை நம்பி முன்பணம் கொடுத்துவிடாதீர்கள். ஓடுபாதை நீட்டப்படுவதற்கு முன்பே அது எழுந்திருக்கலாம். அனுமதி இல்லாமலும் எழுந்திருக்கலாம். உங்கள் மனைக்கான கணக்கை நீங்களே போட்டுப் பார்க்க முடியும்.

பன்னாட்டு விமானப் போக்குவரத்து அமைப்பான ஐகாவோவின் 14-ஆம் இணைப்பு, ஓடுபாதையைச் சுற்றி வானில் சில கற்பனைப் பரப்புகளை வரையறுக்கிறது. பெரும்பாலான நாடுகளின் உயர விதிகளுக்கு இதுதான் அடிப்படை. பெரிய விமானங்கள் கருவி வழிகாட்டுதலோடு இறங்கும் ஓடுபாதை என்றால், முனைக்கு 60 மீட்டர் வெளியே தொடங்கி 15 கிலோமீட்டர் வரை ஒரு பரப்பு நீள்கிறது. முதல் 3 கிலோமீட்டருக்கு அது 2 சதவீதம் மட்டுமே உயர்கிறது, அதாவது 50 மீட்டர் போனால் 1 மீட்டர்.

உங்கள் மனைக்கு 1000-இல் 60 போக 940 மீட்டர். அதில் 2 சதவீதம் 18.8 மீட்டர். இந்த 18.8-ஐ உங்கள் தரையிலிருந்து அளக்கக் கூடாது, ஓடுபாதை முனையின் மட்டத்திலிருந்து அளக்க வேண்டும். பலர் கோட்டை விடுவது இங்கேதான். மனை அந்த மட்டத்தைவிட 12 மீட்டர் மேட்டில் இருந்தால் மிஞ்சுவது 6.8 மீட்டர். அதற்குள் மொட்டை மாடிக் கைப்பிடிச் சுவர், லிஃப்ட் அறை, தண்ணீர்த் தொட்டி, ஆன்டெனா, இடிதாங்கிக் கம்பி எல்லாம் அடங்க வேண்டும். அந்த மேட்டில் ஒரு தளத்துக்கு மேல் ஆசைப்பட இடமில்லை.

நேர்க்கோட்டை விட்டு விலகிப் போனாலும் விடுதலை கிடையாது. ஏறத்தாழ 4 கிலோமீட்டர் சுற்றுக்கு 45 மீட்டர் உயரத்தில் ஒரு தட்டையான பரப்பு கவிந்திருக்கிறது. அதற்கு அப்பால் 5 சதவீதச் சரிவில் ஏறி, 6 கிலோமீட்டரில் 145 மீட்டரைத் தொடுகிறது. ஓர் இடத்தின் மேல் இரண்டு பரப்புகள் வந்தால் எது தாழ்வோ அதுதான் செல்லும். நேர்க்கோட்டில் 2.5 கிலோமீட்டரில் உள்ள மனைக்குச் சரிவுக் கணக்கு 48.8 மீட்டர் தந்தாலும், 45-தான் வரம்பு.

இன்னொன்றையும் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்: ஓடுபாதையை உங்கள் பக்கமாக நீட்டும் திட்டம் இருக்கிறதா? 500 மீட்டர் நீட்டினால் இன்றைய 18.8 மீட்டர் நாளை 8.8 ஆகிவிடும். நகரம் வளர வளர ஓடுபாதையும் வளரும். அதனால் இன்றைய வரைபடத்தோடு விமான நிலையத்தின் நீண்டகாலத் திட்ட வரைபடத்தையும் வைத்துப் பார்த்த பிறகே விலை பேசுங்கள்.

கேள்வி: உயர அனுமதிக்குப் போட்ட விண்ணப்பம் இரண்டாவது முறையும் திரும்பி வந்துவிட்டது. “ஆள்கூறுகள் பொருந்தவில்லை” என்கிறார்கள். எங்கே தவறு?

பதில்: ஆள்கூறு என்பது மனையின் அட்சரேகை, தீர்க்கரேகை எண். அதில் முதலில் பாகையைப் பாருங்கள். 12.3045 என்ற தசம எண்ணை 12 பாகை 30 நிமிடம் 45 நொடி என்று எழுதிவிடுவது அடிக்கடி நடக்கிறது. உண்மையில் அது 12 பாகை 18 நிமிடம் 16 நொடி. அட்சரேகையில் இந்தப் பிழை மனையை 23 கிலோமீட்டர் தள்ளி வைத்துவிடும். சரியாக எழுதினாலும் முழு நொடியோடு நிறுத்தாதீர்கள், ஒரு நொடி என்பது தரையில் சுமார் 31 மீட்டர். மனையின் எல்லா மூலைகளுக்கும், ஜி.பி.எஸ். பயன்படுத்தும் ஆள்கூற்று முறையான டபிள்யூ.ஜி.எஸ். 84-இல், நொடிக்குப் பின் இரண்டு தசம இடம் வரை கொடுங்கள்.

அடுத்தது தரை மட்டம். ஜி.பி.எஸ். கருவி நேரடியாகத் தரும் உயரம் கடல்மட்ட உயரம் அல்ல, பூமிக்கு வகுத்த ஒரு கணித வடிவத்திலிருந்து அளந்த உயரம். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் இடத்துக்கு இடம் மாறும், இந்தியப் பெருங்கடலின் சில பகுதிகளில் 100 மீட்டரையும் தாண்டும். கடலோர மனைக்குக் கழித்தல் எண் வந்திருந்தால் அந்தத் திருத்தம் போடப்படவில்லை என்று பொருள். கடல்மட்ட உயரம் ஏற்கெனவே அளந்து குறித்த அருகிலுள்ள அரசு மட்டக் குறியிலிருந்து அளந்து தரும்படி நில அளவையரிடம் எழுத்தில் கேளுங்கள்.

கையில் கிடைக்கும் அனுமதியில் “இத்தனை மாடி” என்பதைத் தேடாதீர்கள். கடல்மட்டத்திலிருந்து கட்டடத்தின் உச்சி எத்தனை மீட்டர் என்ற எண்தான் முக்கியம். காலாவதித் தேதியையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: கட்டடத்துக்கு அனுமதி வந்துவிட்டது. கிரேனுக்கும் தனியாக வாங்க வேண்டுமா?

பதில்: கட்டாயம் வாங்க வேண்டும். டவர் கிரேன் கட்டடத்தைவிடப் பல மீட்டர் உயரமாக நின்றால்தான் வேலை செய்ய முடியும். கட்டடமே வரம்பைத் தொடும் அளவுக்குத் திட்டமிட்டிருந்தால், கடைசி இரண்டு தளங்களுக்குக் கிரேன் வைக்க வழியில்லாமல் வேலை நின்றுபோகும். உச்சியில் முக்கோணக் கூரும் இழுகம்பிகளும் இல்லாத தட்டைத் தலைக் கிரேன் சில மீட்டர் மிச்சப்படுத்தும். கையை மேலே தூக்கும் வகைக் கிரேன் என்றால், கை நிமிர்ந்து நிற்கும்போதுள்ள உச்சத்தைத்தான் விண்ணப்பத்தில் காட்ட வேண்டும். கான்கிரீட் பம்பின் நீள்கைக்கும், ஒரே நாளுக்கு வரும் நகரும் கிரேனுக்கும் இதே விதிதான். இரவில் சிவப்பு எச்சரிக்கை விளக்கு எரிய வேண்டும், மின்சாரம் போனாலும் அணையக் கூடாது.

கேள்வி: இரைச்சல் வரைபடத்தில் எங்கள் அடுக்குமாடி 65 டெசிபல் கோட்டுக்கு வெளியே இருக்கிறது. “சத்தமே கேட்காது” என்கிறார் விற்பவர். நம்பலாமா?

பதில்: நம்பக் கூடாது. அந்தக் கோடு ஆண்டு முழுவதற்குமான சராசரி. ஒரு விமானம் தலைக்கு மேல் போகும்போது எழும் சத்தத்தை அது காட்டாது. அமெரிக்காவில் குடியிருப்புக்கு 65 டெசிபல் பகல்-இரவுச் சராசரியை எல்லையாக வைத்திருக்கிறார்கள். உலக சுகாதார அமைப்போ 2018-இல் விமான இரைச்சலுக்குப் பரிந்துரைத்த அளவு 45, இரவுக்கு 40. அளவிடும் முறையில் சிறு வேறுபாடு உண்டென்றாலும், இடைவெளி எவ்வளவு பெரியது என்று பாருங்கள். இந்தச் சராசரியில் இரவு விமானத்துக்கு 10 டெசிபல் கூட்டுகிறார்கள், அதாவது ஓர் இரவு விமானம் பத்துப் பகல் விமானங்களுக்குச் சமம். ஆகவே நள்ளிரவிலிருந்து விடியற்காலை வரை எத்தனை வருகின்றன என்று அட்டவணையைப் பாருங்கள்.

வழக்கமான 3 பாகைச் சரிவில் இறங்கும் விமானம், ஓடுபாதையிலிருந்து 5 கிலோமீட்டரில் சுமார் 280 மீட்டர் உயரத்திலும், 10 கிலோமீட்டரில் சுமார் 540 மீட்டர் உயரத்திலும் இருக்கும். ஓடுபாதை எண்ணும் உதவும், அது திசைகாட்டியின் பாகையில் பத்தில் ஒரு பங்கு. 09/27 என்றால் அது கிழக்கு-மேற்காகக் கிடக்கிறது. விமானங்கள் காற்றை எதிர்த்தே ஏறி இறங்கும் என்பதால், காற்று திரும்பும் பருவத்தில் உங்கள் பக்கத்து அமைதியும் திரும்பிவிடும். வீட்டை இரண்டு பருவங்களில், இரவிலும் போய் நின்று பார்த்து வாங்குங்கள்.

கேள்வி: வாங்கியாயிற்று. ஜன்னலை மாற்றினால் சத்தம் குறையுமா?

பதில்: குறையும், ஆனால் இடுக்கை அடைக்காமல் கண்ணாடிக்குச் செலவழித்தால் வீண். சுவரின் பரப்பில் 1 சதவீதம் திறந்திருந்தாலே, மற்றது எவ்வளவு கெட்டியாக இருந்தாலும் 20 டெசிபலுக்கு மேல் தடுக்க முடியாது. ஏசி குழாய் துளை, நெகிழும் ஜன்னல் சட்டத்தின் தடம், குளியலறைக் காற்றுத் துளை ஆகியவற்றை முதலில் அடையுங்கள். பிறகு வெவ்வேறு தடிமனில் இரண்டு கண்ணாடிகளை, இடையே 10 சென்டிமீட்டர் இடைவெளி விட்டுப் போடுங்கள். ஒரே தடிமன் என்றால் இரண்டும் ஒரே அதிர்வெண்ணில் சத்தத்தைக் கசியவிடும். ஜன்னலை மூடிவிட்டால் காற்றுக்கு என்ன வழி என்பதையும் சேர்த்தே திட்டமிடுங்கள்.

கேள்வி: புதிய விமான சேவை தொடங்குகிறது என்ற விளம்பரத்தைப் பார்த்து முதலீடு செய்யலாமா? சேவை அறிவித்தாலே நிலம் ஏறிவிடுமா?

பதில்: அறிவிப்புக்கு விலை ஏறும். ஆனால் சேவை நிலைத்தால்தான் அந்த விலை நிற்கும். விமான அட்டவணைகள் பருவத்துக்கு ஒருமுறை போடப்படுகின்றன: கோடை அட்டவணை மார்ச் கடைசி ஞாயிறிலும், குளிர்கால அட்டவணை அக்டோபர் கடைசி ஞாயிறிலும் தொடங்கும். ஒரு சேவை அடுத்த பருவத்திலும் தொடர்கிறதா என்று பார்க்கும் வரை பொறுங்கள். இருக்கைகளையும் எண்ணுங்கள். 72 இருக்கை விமானம் வாரம் மூன்று முறை என்றால் ஒரு திசையில் 216 இருக்கை. 180 இருக்கை விமானம் தினமும் என்றால் 1260. விளம்பரத்தில் இரண்டும் “நேரடி விமானம்”தான்.

புதிய விமான நிலையமே வருகிறது என்றாலும் கவனம் வேண்டும். மாண்ட்ரியலின் மிராபெல் 1975-இல் மிகப்பெரிய நிலப்பரப்போடு திறந்தது, பயணிகள் சேவை 2004-இல் நின்றுபோனது. பெர்லினின் பிராண்டன்பர்க் 2012-இல் திறக்கவிருந்து 2020-இல்தான் திறந்தது. அத்தனை ஆண்டு வட்டியையும் உங்களால் தாங்க முடியுமா என்று கணக்குப் போடுங்கள்.

கேள்வி: ஓடுபாதை மாறவில்லை, ஆனால் திடீரென்று விமானங்கள் எங்கள் மேலே பறக்கின்றன. இது எப்படி?

பதில்: செயற்கைக்கோள் வழிகாட்டுதலுக்கு மாறும்போது, முன்பு பரவலாகப் பறந்தவை ஒரே ஒடுங்கிய தடத்தில் குவிந்துவிடும். அமெரிக்காவின் ஃபீனிக்ஸில் 2014-இல் இப்படித்தான் நடந்தது. நகர நிர்வாகம் வழக்குத் தொடுத்து 2017-இல் வென்றது. வெறும் மனுவைவிடத் தேதி, நேரம், விமான எண்ணோடு கூடிய பதிவேடு பலம் தரும். அதை ஒருவராக அல்லாமல் குடியிருப்போர் சங்கமாகக் கொடுங்கள்.

கேள்வி: உயரம் குறைவான கிடங்குதான், தகரச் சுவர். அதற்கும் ஏன் மறுக்கிறார்கள்?

பதில்: ஓடுபாதையை ஒட்டிய அகலமான உலோகச் சுவர், விமானம் தரையிறங்க உதவும் ரேடியோ அலைகளைப் பிரதிபலித்துத் திசைதிருப்பிவிடும். சுவரின் கோணத்தையோ பொருளையோ மாற்றி மீண்டும் கேளுங்கள். வளாகத்தில் குளமும் திறந்த குப்பைக் கிடங்கும் காட்டியிருந்தால் அவற்றையும் எடுத்துவிடுங்கள், பறவைகளை ஈர்க்கும் எதையும் விமான நிலையத்தைச் சுற்றி 13 கிலோமீட்டர் வரை கவனித்துப் பார்க்கிறார்கள்.