ஆஸ்திரேலிய கால்பந்தில் ‘கம்போஷர்’ என்றால் என்ன?

வர்ணனையாளர்கள் அடிக்கடி சொல்லும் சொல் இது. எதிரணி ஆள் பாய்ந்து வரும்போதும் பதறாமல், யாருக்குக் கொடுப்பது என்று பார்த்துப் பந்தைக் கொடுப்பதுதான் கம்போஷர்.

இந்த ஆட்டத்தில் ஆஃப்சைடு கிடையாது. களத்தில் 36 பேர், முதுகுப் பக்கமிருந்தும் பிடிப்பார்கள். பந்தைக் கொடுத்துவிட வாய்ப்பு இருந்தும் கொடுக்காமல் பந்தோடு மாட்டினால் எதிரணிக்கு ஃப்ரீ கிக். அந்தப் பயத்தில்தான் பலர் குத்துமதிப்பாக உதைத்துவிடுகிறார்கள், பந்து நேராக எதிரணி கைக்குப் போகும்.

நெரிசலான பஸ்ஸில் கண்டக்டரைப் பாருங்கள். நாலு பேர் கத்தினாலும் சில்லறை தப்பாது, ஏனென்றால் விரலிடுக்கில் எல்லாம் முன்பே பிரித்து வைத்திருக்கிறார். நல்ல வீரரும் அப்படித்தான். பந்து வருவதற்கு முன்பே சுற்றிலும் ஒரு பார்வை பார்த்து வைத்திருப்பார்.

2018 ஏ.எஃப்.எல் (ஆஸ்திரேலிய கால்பந்து லீக்) இறுதிப்போட்டியில் கடைசி இரண்டு நிமிடங்களுக்குள் வெஸ்ட் கோஸ்ட் அணியின் டொமினிக் ஷீட் எல்லைக்கோட்டை ஒட்டி மார்க் (உதைத்து வரும் பந்தைத் தரையில் விழுமுன் கையில் பிடிப்பது) பிடித்தார். கோணம் படுமோசம். இருந்தும் நிதானமாக உதைத்துக் கோல் போட்டார். வெஸ்ட் கோஸ்ட் 5 புள்ளியில் வென்றது.

அப்புறம் ஒன்று, கம்போஷர் என்றால் மெதுவாக ஆடுவது என்று பலர் நினைக்கிறார்கள். நொடியில் கையால் குத்தி அனுப்பும் ஹேண்ட்பாலும் கம்போஷர்தான்.